காணாமல் போன மூக்கும் எங்கள் மாடி மேஷ்ட்ருவும்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறும் சோற்றுக்குக் குறைவில்லாமல், ஒரு சொல்லுக்கும் இடம் கொடுக்காமல் வளர்ந்து ஆளாகிவிட்டன. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டிய இடத்தில் அடக்கம் காட்டுவது எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணலாக இருந்தால் பத்திரிகைக்காரர்கள் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளட்டும்.

சொல்ல வந்தது மூக்கு மேஷ்ட்ருவைப் பற்றி. மைசூரில் மேஷ்ட்ரு என்றால் வாத்தியார். இந்த மேஷ்ட்ருவைப் போல மனிதர்களைத் திடுக்கிட வைத்த ஆள் இந்த ஊரில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. விஜயநகரில் எங்கள் தெருவில் ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கொதிப்பு அவரால் வந்தது. மீதிப் பேருக்கு முன்பே இருந்தது, அவரால் ஏறியது.

எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. மாடி அறை சும்மா கிடக்கிறதே, துணைக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று மூத்தவன் முருகேசன் வாடகைக்கு விடச் சொன்னான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் குழாயைத் திறந்து பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் குழாய்ப் பக்கமே போகவில்லை. நேரே போய் வடக்கு ஜன்னலைத் திறந்தார். வெளிச்சத்தில் கையை நீட்டி, தோசையைத் திருப்புகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நான் இங்கேயே இருந்துக்கிறேன் அம்மாவ்ரே."

"தண்ணி வருதான்னு பாக்கலீங்களா?"

"தண்ணி எங்கேயும் வரும். இந்த வடக்கு வெளிச்சம் எங்கேயும் வராது."

மறுநாள் சாமான் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பாய், ஒரு ஸ்டவ், மூன்று கால் வைத்த மரச் சட்டம் ஒன்று. மடியில் துண்டு சுற்றி ஏதோ குழந்தையைப் போல அணைத்து வைத்திருந்தார். எங்கள் கேட்டுக்கு முன்னால் இறங்கும்போது துண்டு நழுவியது. உள்ளே மண்டை ஓடு. எதிர் வீட்டுப் பென்ஷன்காரர் சம்சாரம் வாசலில் ரங்கோலி போட்டுக்கொண்டிருந்தாள். "அய்யோ தேவ்ரே!" என்று மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அன்று அவள் வீட்டு வாசலில் மயிலுக்குப் பாதி உடம்புதான்.

"யாருதுங்க இது?" என்று கேட்டேன்.

"யாருதும் இல்லை அம்மாவ்ரே, பிளாஸ்டர்ல செஞ்சது. படம் எழுதறவனுக்கு இது வேணும். எல்லாருக்கும் உள்ளே இதுதானே இருக்கு?"

எனக்கு உள்ளே அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்று வரைக்கும் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

அவர் படிப்பு பெரிய படிப்பு. அரண்மனைக்குப் படம் எழுதிய பரம்பரையில் வந்த குரு ஒருவரிடம் கற்றவர். முதல் வருஷம் முழுக்கப் பிளாஸ்டர் காது ஒன்றை வைத்துக் காது மட்டுமே எழுத வைத்தாராம். அடுத்த வருஷம் மூக்கு. அதற்கடுத்தது உதடு. முழு முகத்துக்கு வருவதற்குள் இவருக்கே மீசை நரைக்கத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். குருவுக்கு ஒரு சத்தியமும் செய்து கொடுத்திருந்தார்: ஆளை உட்கார வைத்துப் பார்த்துத்தான் எழுதுவது, போட்டோவைப் பார்த்து எழுதுவதில்லை. "கேமராவுக்கு ஒரு கண்ணு அம்மாவ்ரே. நமக்கு ரெண்டு. அது பாக்கிறதை நம்பி நான் எழுதலாமா?" என்பார்.

சத்தியம் நல்ல சத்தியம்தான். ஆனால் நம் பக்கத்தில் சுவரில் வண்ணப் படமாக ஒருவர் ஏறினார் என்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு உட்காரப் பயந்தார்கள். போனவர்களால் உட்கார முடியாது. இப்படி ஒரு தொழிலை வைத்துக்கொண்டு மனிதர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பீர்கள். பிழைக்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளுக்கு யானையும் மாங்காயும் வரையச் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார். மேஷ்ட்ரு ஆனது அப்படித்தான்.

எழுத ஆள் கிடைக்காத குறையைத் தெருவில் தீர்த்துக்கொண்டார். யார் எதிரே வந்தாலும் நின்று முகத்தைப் பார்ப்பார். தள்ளுவண்டியில் காய் விற்கிற நஞ்சப்பாவிடம் ஒருநாள், "நஞ்சப்பா, உன் இடது காது வலது காதைவிடக் கீழே இருக்கு தெரியுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நஞ்சப்பா அன்றிலிருந்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டேதான் கத்தரிக்காய் நிறுக்கிறான்.

ஒரே ஒரு தடவை உயிருள்ள ஆள் ஒருவர் அகப்பட்டார். கல்யாண மண்டபத்து முதலாளி. மண்டப வாசலில் தன் படம் இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று ஆசைப்பட்டுப் பட்டு வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். பழைய முறைப்படி முகம் எழுதும்போது முதலில் முகம் பூராவும் பச்சைச் சாயம் பூசி, நிழலை எல்லாம் அதிலேயே கொண்டுவந்து, அது காய்ந்த பிறகுதான் மேலே தோல் நிறம் ஏற்ற வேண்டுமாம். இதை மேஷ்ட்ரு யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியின் சம்சாரம் எட்டிப் பார்க்க மாடி ஏறினாள். சட்டத்தில் அவள் புருஷன், ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தவர் மாதிரி பச்சையாக, கண் திறக்காமல் இருந்தார்.

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் அடுத்த தெரு நாய்கள்கூட எழுந்துவிட்டன. "என் தாலிக்கு என்ன செய்யப் பாத்தீங்க!" என்று மேஷ்ட்ருவைக் கேட்டாள். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி, "நான் இங்கேதாண்டி இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் அவரைத் தொட்டுப் பார்த்தும் நம்பவில்லை. அப்படியே காரில் ஏற்றிச் சாமுண்டி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலாளி திரும்பி வரவே இல்லை. பச்சை முகம் மட்டும் மாடிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. நான் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் முதுகைத் திருப்பிக்கொண்டே போவேன்.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி நெருங்கியது. சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை. அவர் பஸ் டிரைவர். வேலைக் காலம் முழுவதும் கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம் வழியில் ஓட்டினார். ரோட்டைப் பார்த்த அளவுக்கு மனிதர் கேமராவைப் பார்த்ததில்லை. கல்யாணப் படத்தில் நெற்றிப் பட்டத்துப் பூச்சரம் முகத்தை மூடிவிட்டது. மற்ற படங்களில் ஓரத்தில் ஒரு தோள் மட்டும் தெரியும். முகம் தெளிவாக இருந்தது லைசென்ஸ் போட்டோ ஒன்றில்தான். அதிலும் ஆபீஸ்காரன் ரப்பர் முத்திரையைக் கொண்டுபோய் நட்ட நடு மூக்கில் குத்தியிருந்தான்.

ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனோம். "மூக்குதானே ஆன்ட்டி, கம்ப்யூட்டர்ல வெச்சிடலாம்" என்று அங்கிருந்த பையன் யாரோ சினிமாக்காரன் மூக்கை வைத்துக் கொடுத்தான். படத்தைப் பார்த்ததும் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்நிய ஆண்பிள்ளை.

வேறு வழியில்லாமல் லைசென்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"ஏனுங் மேஷ்ட்ரே, இதைப் பாத்து நீங்களே எழுதிக் குடுங்க."

"போட்டோ பாத்து எழுதமாட்டேனே அம்மாவ்ரே."

"பின்னே ஆளை நான் எங்கிருந்துங்க கூட்டியாறது?"

அவர் லைசென்ஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம், "ஆள் போயாச்சு. முகம் போயிருக்காது. பிள்ளைங்க எத்தனை பேர்?" என்றார்.

"பெத்தது அஞ்சுங்க."

"அஞ்சு பேர்ல பங்கு போயிருக்கும். வரச் சொல்லுங்க. நான் திருப்பிச் சேத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்சம் அசைந்தால் போதும், "அல்லாடபேடி!" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல் போடுவார். முருகேசனுக்கு அவன் அப்பாவின் காக்கிச் சட்டையையே மாட்டிவிட்டிருந்தார். நான் காபியோடு மேலே போனேன். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காக்கிச் சட்டையில் அவர். காபி டம்ளர் என் கையில் இல்லை. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

முருகேசனிடம் நெற்றி கிடைத்தது. இரண்டாமவனிடம் காது. தாடை கடைசிப் பெண் லதாவிடம் இருந்தது. அவளுக்கு வந்ததே கோபம்!

"எனக்கு அப்பா தாடையா? அதனாலதான் மூணு மாப்பிள்ளை பாத்துட்டுப் பதில் சொல்லாமப் போனானுங்களா?"

எல்லாம் சேர்ந்தது. மூக்குதான் இல்லை. ஒத்துப் பார்க்க மட்டும் அவர் வாங்கிப் பார்த்த லைசென்ஸில், முத்திரைக்கு மேலே மூக்கு தொடங்குகிற இடம் தெரிந்தது, கீழே முடிகிற இடம் தெரிந்தது. இந்த ஐந்து பேர் மூக்கும் அந்த இடத்தில் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. மேஷ்ட்ரு அதை என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அம்மாவ்ரே! உங்க வீட்டுக்காரர் மூக்கு உங்க அஞ்சு பிள்ளைங்கள்ல ஒருத்தர்கிட்டயும் இல்லை!"

தெரு நின்றுவிட்டது. நஞ்சப்பா தராசைப் பிடித்தபடி நின்றான், அவன் கழுத்துகூட நேராகிவிட்டது. பென்ஷன்காரர் பேப்பரை மடித்து வைத்தார். நான் துடைப்பத்தோடு நடுத் தெருவில் நின்று கத்தினேன்.

"அஞ்சும் என்ற மூக்குங்க! என்ற அப்பன் மூக்கு! எங்க ஊரு ராமாபுரம் சந்தையில யாரை வேணா நிறுத்திக் கேட்டுப் பாருங்க!"

மேஷ்ட்ருவுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே புரியவில்லை. இறங்கி வந்து சாவதானமாகக் கேட்டார்: "நீங்க சொல்லுங்களேன் அம்மாவ்ரே. அவர் மூக்கு எப்படி இருக்கும்?"

வாயைத் திறந்தேன். அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குப் புருஷன் மூக்கு தெரியவில்லை. நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் இல்லை. சோறு போடும்போது நான் தட்டைப் பார்ப்பேன், அவர் சோற்றைப் பார்ப்பார். அவர் செருப்புச் சத்தம் தெரியும். தெரு முனையில் இருமினால் தெரியும். மூக்கு தெரியாது. அன்று எனக்கு ஏற்பட்ட திகைப்பை எந்த எழுத்திலும் எழுத முடியாது. மண்டை ஓட்டைப் பார்த்தபோதுகூட அப்படி இருக்கவில்லை. இந்தப் படமும் வராமல் போனால் அவர் முகம் எனக்கு இல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

அந்த வாரமே மேஷ்ட்ரு மூச்சு வாங்க ஓடிவந்தார். "மூகு சிக்து! மூக்கு கிடைச்சுது அம்மாவ்ரே! பஸ் ஸ்டாண்ட்ல!"

"யாருகிட்டங்க?"

"ஒரு லேடீஸ். ஊதாப் புடவை. நாப்பது வயசு இருக்கும். ஜன்னல் ஓரத்துல உக்காந்திருந்தாங்க. அதே மூக்கு. நான் ஓடிப் போறதுக்குள்ளே பஸ் எடுத்துட்டான்."

"எந்தப் பஸ்ஸுங்க?"

"கொள்ளேகால் பஸ்."

கொள்ளேகால் வழி. நாற்பது வயது. அந்தக் காலத்தில் அவருக்கு வாரத்தில் பாதி நாள் ஹனூரில் நைட் ஹால்ட். உள்ளே போய் லைசென்ஸை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"ஏனுங்க, ஹனூர்ல ராத்திரி பஸ்ஸை மட்டும்தானே நிறுத்துனீங்க?"

முத்திரைக்குப் பின்னால் மனிதர் பேசாமல் இருந்தார். உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான். முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"உங்கப்பனுக்கு ஹனூர்ல ஒரு குடும்பம் இருந்திருக்குதுடா."

"அம்மா, சும்னிரு! யாரோ ஒரு ஆன்ட்டி மூக்கைப் பாத்துட்டு அவர் சொன்னா, நீ அப்பா பேரைக் கெடுப்பியா?"

சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிறவளா நான்? லைசென்ஸைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். மேஷ்ட்ருவிடம், "படமும் வேண்டாம், மூக்கும் வேண்டாம். திதிக்கு வெறுஞ்செவுரைக் கும்பிட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் அந்தப் பச்சை முதலாளியின் முகத்தைவிடப் பச்சையாகிவிட்டது. "என் கையில ஒரு முகம்கூட முடிஞ்சதில்லை அம்மாவ்ரே. இது முடியற முகம்" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

மனிதர் கேட்டாரா? தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. எங்கள் வம்சத்தில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறிய முதல் பெண்பிள்ளை நான்தான். அதுவும் ஒரு மூக்குக்காக. உள்ளே மேஷ்ட்ரு பெஞ்சில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீட்டுல இருக்கிறவராம்மா? கொள்ளேகால் பஸ் ஒவ்வொண்ணா ஏறி லேடீஸ் மூக்கையெல்லாம் பாக்கிறாரு. கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூக்கை மட்டுந்தானுங்களே பாத்தாரு?"

"மூக்கை மட்டும்தான்."

"அவரு அப்படித்தானுங்க சார். இப்பக்கூட உங்க மூக்கைத்தான் பாத்துட்டிருக்காரு."

இன்ஸ்பெக்டர் சட்டென்று ஒரு பைலை எடுத்து முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார். பைலுக்குப் பின்னாலிருந்தே, "கூட்டிட்டுப் போங்கம்மா" என்று குரல் வந்தது.

திதிக்கு முந்தின நாள் செல்வி வந்தாள். பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு என்றேனே, அந்த ஆறாவது செல்விதான். வீட்டுக்காரரின் தங்கை மகள். பால் குடிக்கிற வயதில் தாயைப் பறிகொடுத்துவிட்டு எங்களிடம் வந்த குழந்தை. என் இரண்டாவதோடு ஒரே தொட்டிலில் கிடந்தது. ராமாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். படத்துக்கு உட்கார வேண்டியவர்கள் என்று முருகேசன் ஐந்து பேருக்குத்தான் போன் செய்திருந்தான். அவளை யாரும் கூப்பிடவில்லை. பெற்றது ஐந்து என்றுதானே நானும் மேஷ்ட்ருவிடம் சொன்னேன்.

வாசலில் செருப்பை விட்டாள். ஒரு கையில் அவரைக்காய்ப் பை, இன்னொரு கையில் வாழைநாரில் கட்டிய மாலை.

"மாமாவுக்கு மாலை கட்டியாந்தனுங் அத்தை. படம் எழுதறாங்களாமே, லதா சொன்னா. எல்லாரும் உக்காந்தாங்களாமே."

"படமெல்லாம் இல்லடி. உள்ள வா."

"போன வாரம் மைசூருக்கு வந்தனுங், பாப்பா சர்ட்டிபிகேட் வேலையா. ஊட்டுப் பக்கம் வர நேரமில்லாமப் போச்சுங்."

நேரமில்லை என்று இந்த வீட்டை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். ஏதோ கேட்க வாயெடுத்தேன். அப்போது மாடிப்படியில் சத்தம்.

"அல்லாடபேடி!"

செல்வி பயந்துபோய்ப் பையும் மாலையுமாக அப்படியே நின்றாள். மேஷ்ட்ரு கடைசிப் படியில் நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மூகு சிக்து!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஹனூர்க்காரி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாளா! துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, செல்வியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தெருவுக்கு ஓடினேன்.

"எங்கடி அவ?"

"யாருங் அத்தை?"

"அந்த ஊதாப் புடவைக்காரி!"

செல்வி குனிந்து தன் புடவையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஊதாப் புடவை. அவர் இருந்த கடைசித் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

அவளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படியே அவள் அம்மா ஜாடை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் அம்மா அவருக்குக் கூடப் பிறந்தவள் என்பது மூக்கைத் தவிர எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். பெட்டியைத் திறந்து லைசென்ஸை எடுத்து வெளியே வைத்து, அன்று இரண்டு விளக்காக ஏற்றினேன்.

வடக்கு ஜன்னலுக்கு நேரே செல்வியை உட்கார வைத்தார் மேஷ்ட்ரு. அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் மாமாவுக்குப் பொறந்த புள்ள இல்லீங்களே. பரவாயில்லீங்களா?"

"மூக்குக்கு அதெல்லாம் தெரியாதும்மா. அல்லாடபேடி."

மறுநாள் படத்தைக் கீழே கொண்டுவந்து துணியை எடுத்தார். லதா தன் தாடையைத் தடவிக்கொண்டாள். சுவரிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தார். நானும் பார்த்தேன். குடித்தனம் செய்த காலம் பூராவும் பார்க்காததை நின்று பார்த்தேன். ஆமாம், இதுதான் மூக்கு. நடுவில் லேசாக ஒரு மேடு. வெயிலில் ஓட்டிவிட்டு வந்தால் அந்த மேடு மட்டும் சிவந்திருக்கும். அது எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மாலை போட மூத்தவன் முன்னால் வந்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஒதுங்கி நின்று, "செல்வி, நீ போடு" என்றான். அவள் கட்டிவந்த மாலைதான். போட்டாள்.

மேஷ்ட்ருவுக்குத் தலைவாழை இலையில் சாப்பாடு. பாயசம் முடிந்ததும் என் முகத்தையே பார்த்தார்.

"அடுத்து நீங்க உக்காருங்க அம்மாவ்ரே."

"நான் போனதுக்கப்புறம் எழுதிக்குங்க. மூக்குக்கு அஞ்சு பேரு இருக்காங்க."

மனிதர் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

அதற்கப்புறம் சில வருஷம் இருந்தார். பிறகு வடக்கே ஒரு மடத்தில், உயிரோடு இருக்கும்போதே படத்துக்கு உட்காரச் சம்மதித்த பெரியவர் ஒருவர் கிடைத்தார். தியானத்தில் உட்கார்ந்தால் நாள் பூராவும் அசையாதவராம். கேள்விப்பட்ட அன்றே மேஷ்ட்ரு பாயைச் சுருட்டிவிட்டார். இப்போதும் போன் செய்தால், "இன்னும் காது முடியலை அம்மாவ்ரே" என்கிறார். மண்டை ஓட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்தாரா, எனக்கென்று வைத்தாரா தெரியாது. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அதையும் துடைத்து, வடக்கு ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். அவருக்கு அந்த வெளிச்சம்தான் பிடிக்கும்.

அந்த மாடி அறையில் இப்போது செல்வியின் மகள் தங்கிக் காலேஜ் போகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், ஆனாலும் வாசிப்பாள். நடுவில் லேசாக மேடு வைத்த மூக்கு. இங்கே வா கண்ணு, இதை முதல்லேர்ந்து மெதுவாப் படிச்சுக் காட்டு. மேஷ்ட்ரு முகம் சரியா வந்திருக்குதான்னு பாப்போம்.